விழுந்து கிடந்தாலும் மறித்தது மறித்ததுதான்!

‘‘நான் வேணும்னு செய்யலையே!’’ - எல்லா வீட்டிலும் ஒலிக்கும் வாதம் இது. சாஃப்ட்பால் அம்பயரிடம் மட்டும் இது செல்லாது.

சாஃப்ட்பாலில் ஒரு பேஸுக்கும் அடுத்த பேஸுக்கும் 60 அடி தூரம். நான்கையும் ஓடிக் கடந்தால் ஒரு ரன். ஃபீல்டர் கையில் பந்து இருந்தாலோ, அடித்த பந்தைப் பிடிக்க முயன்றுகொண்டிருந்தாலோ அவர் வழியில் நிற்கலாம். இரண்டும் இல்லாமல் ஓடுபவருக்குக் குறுக்கே நின்றால், அது ‘அப்ஸ்ட்ரக்‌ஷன்’. அம்பயர் உடனே ஆட்டத்தை நிறுத்தமாட்டார். இடது கையைப் பக்கவாட்டில் நீட்டி வைத்துக்கொண்டு, ஆட்டத்தை ஓடவிடுவார். பிறகு, ‘மறிக்காமல் இருந்திருந்தால் இவர் எதுவரை போயிருப்பார்?’ என்று கணித்து, அந்த பேஸைக் கொடுப்பார். நடக்காத ஒன்றைக் கணிக்க வேண்டும் என்பதால்தான் இவ்வளவு சண்டை!

சாஃப்ட்பாலின் அண்ணனான பேஸ்பாலில், இந்த விதி உலகத்தொடர் ஆட்டம் ஒன்றையே முடித்துவைத்தது. 2013 அக்டோபர் 26, செயின்ட் லூயிஸ் நகரம். கார்டினல்ஸும் பாஸ்டன் ரெட் சாக்ஸும் 4-4 என்று சமநிலை. கடைசி இன்னிங்ஸ். மூன்றாவது பேஸுக்கு வந்த த்ரோ, பாஸ்டனின் மிடில்புரூக்ஸைத் தாண்டிப் போய்விட்டது. பாய்ந்த அவர் தரையில் கிடந்தார். வெற்றி ரன்னுக்காக எழுந்து ஓடிய கார்டினல்ஸின் ஆலன் கிரெய்க், அவர்மீது தடுக்கி விழுந்தார். மீண்டும் எழுந்து ஓடியவரை, ஹோம் பேஸில் பந்தால் தொட்டும் விட்டார்கள். ஆனாலும் தீர்ப்பு ‘சேஃப்’. மூன்றாவது பேஸ் அம்பயர் ஜிம் ஜாய்ஸ் அப்ஸ்ட்ரக்‌ஷனை அப்போதே காட்டியிருந்தார். கார்டினல்ஸ் 5-4 என வென்றது.

‘கீழே விழுந்தவர் எங்கே போவார், மாயமாக மறைவாரா?’ என்று பாஸ்டன் ரசிகர்கள் கொதித்தார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், தவறவிட்ட பந்துக்காகப் பாய்ந்து, தரையிலேயே கிடந்து, ஓடுபவரைத் தாமதப்படுத்தினால் அது பெரும்பாலும் அப்ஸ்ட்ரக்‌ஷன்தான் என்று விதிப்புத்தகத்திலேயே உதாரணம் இருக்கிறது.

மிடில்புரூக்ஸ் கெட்டவர் என்று அம்பயர் சொல்லவில்லை. கிரெய்க் இழந்ததை அவருக்குத் திருப்பிக் கொடுத்தார், அவ்வளவுதான். உள்நோக்கத்தை விசாரிக்கப் புகுந்தால் தீர்ப்பே வராது. விழுந்தவருக்கு நியாயமும் கிடைக்காது.

அடுத்தமுறை உங்கள் மகள் சாஃப்ட்பால் ஆடுவதைப் பார்க்கப் போனால், பந்தை மட்டும் பார்க்காதீர்கள். அம்பயரின் இடது கையையும் பாருங்கள்!