சோலைக்குள் ஸ்பீக்கர் எதற்கு?



கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் நாற்பது நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கலாம். கோபம் வருபவர்கள் கடைசி வரை படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். பறவை பார்க்கப் போகிறவர்கள் சோலைக்குள் ஸ்பீக்கர் கொண்டு போகக் கூடாது. பறவையின் குரலைப் பதிவிலிருந்து போட்டு, அதை வெளியே இழுத்துப் படம் எடுக்கும் பழக்கத்தை நம் மலையில் நிறுத்த வேண்டும். வெளியூர்க்காரர்களுக்குப் புத்தி சொல்வது அப்புறம். முதலில் கூட்டிக்கொண்டு போகும் நம் பிள்ளைகள் நிறுத்த வேண்டும்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு என்றால், சென்ற மாதம் ஒரே நாளில் இரண்டு விஷயங்கள் என் போனுக்கு வந்தன. ஒன்று, தம்பி மகன் குடும்பக் குரூப்பில் போட்ட உகாண்டா படங்கள். பிவிண்டி மழைக்காட்டுக்குப் பறவை பார்க்கப் போய் வந்திருக்கிறான். இன்னொன்று, என்னிடம் படித்த ஒருவன் அனுப்பிய வீடியோ. ஹோம்ஸ்டே நடத்துகிறான். விருந்தினர்களைச் சோலைப் பக்கம் கூட்டிப் போய், கையடக்க ஸ்பீக்கரில் குரலைப் போடுகிறான். ஒரு சின்ன நீலப் பறவை கிளைக்குக் கிளை தாவி, தலையைத் திருப்பித் திருப்பித் தேடுகிறது. "டீச்சர், ரெண்டே நிமிஷத்துல வந்துடுச்சு!" என்று பெருமையாக எழுதியிருந்தான். கீழே நாற்பது பேர் கைதட்டும் படம் போட்டிருந்தார்கள்.

அந்தப் பறவை எது என்று தெரியுமா? நீலகிரி சோலைக்கிளி. பெயரில் கிளி இருந்தாலும் கிளி இனம் கிடையாது. மேலே கருநீலம், விலாப்பக்கம் செம்பழுப்பு, வயிற்றின் நடுவில் வெள்ளை. சோலையின் ஈரத் தரையில் இலைச்சருகுக்கு நடுவே பூச்சி தேடித் தின்னும். நிழலை விட்டு அதிகம் வெளியே வராது. உலகத்திலேயே நீலகிரியிலும் அதை ஒட்டிய சில மலைகளிலும் மட்டும்தான் இருக்கிறது. அழியும் ஆபத்தில் உள்ள பறவை. 2017-ல் வி.வி. ராபினும் உடன் ஆய்வாளர்களும் மரபணுவை ஆராய்ந்து இதற்கும் இதன் சொந்தங்களுக்கும் தனிப் பேரினமே உண்டு என்று காட்டி 'சோலிகோலா' என்று பெயர் வைத்தார்கள். சோலையில் வாழ்வது என்று பொருள். நம் வாயில் புழங்கும் 'சோலை' என்ற சொல் உலக அறிவியலில் ஏறிவிட்டது. அந்தப் பறவையைத்தான் இரண்டு நிமிடத்தில் வரவழைத்ததாகப் பெருமைப்படுகிறோம்.

அது ஏன் வந்தது என்று கேட்டுப் பாருங்கள். பாட்டு பிடித்து வரவில்லை. தன் எல்லைக்குள் வேறொரு ஆண் பறவை நுழைந்துவிட்டது என்று நினைத்துச் சண்டைக்கு வந்தது. இரை தேடுவதை விட்டுவிட்டு வந்தது. ஒளிந்திருக்கும் பறவை திறந்த கிளைக்கு வந்தால் வல்லூறு கண்ணிலும் படும். இல்லாத எதிரியைத் தேடி அலைந்து களைத்துப் போகும். அடுத்த நாள் அடுத்த கூட்டம், அதே இடம், அதே குரல்.

எந்த மாதத்தில் இது அதிகம் நடக்கிறது? ஏப்ரல், மே. நமக்கு அது சீசன். ஊட்டி மலர்க் கண்காட்சி, கோடை விடுமுறை, ரூம் கிடைக்காத நாட்கள். சோலைக்கிளிக்கு அது கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கும் காலம். வருடம் முழுவதிலும் அதைத் தொந்தரவே செய்யக் கூடாத நாட்களில்தான் நாம் வரிசையாக ஆள் கூட்டிப் போகிறோம்.

இனி எனக்கு வரப்போகும் பதில்களைப் பார்ப்போம்.

"ஒரு நிமிஷம் போட்டா ஒன்னும் ஆகாது டீச்சர்." 2013-ல் எக்வடார் நாட்டின் மலைக்காட்டில் இதைச் சோதித்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பறவை பார்ப்பவர்கள் போடுவது போலவே குரலைப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு வகைப் பறவை சில நாட்களில் பழகிப் போய்ப் பதில் சொல்வதையே குறைத்துக்கொண்டது. இன்னொரு வகை வழக்கத்தை விட அதிகமாகக் கத்திக்கொண்டிருந்தது. பறவை செத்து விழுந்தது என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அதன் அன்றாட நடத்தை மாறுகிறது. எண்ணிக்கை ஏராளமாக உள்ள பறவைக்கு அது சின்ன விஷயமாக இருக்கலாம். சில மலை உச்சிகளில் மட்டும் மிச்சமிருக்கும் பறவையிடம் சோதித்துப் பார்க்க நமக்கு என்ன உரிமை? அமெரிக்கப் பறவை ஆர்வலர் சங்கத்தின் நெறிமுறையே ஒலிப்பதிவைச் சிக்கனமாகப் பயன்படுத்து, அரிய பறவை, அழியும் பறவை என்றால் இன்னும் கவனம் என்று சொல்கிறது. இந்தப் பொழுதுபோக்கை நமக்கு முன்னே ஆரம்பித்தவர்கள் சொல்வது இது.

"ஆராய்ச்சியாளர்கள் மட்டும் போடலாமா?" அவர்கள் வனத்துறை அனுமதி வாங்கி, எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்று கணக்கு வைத்துப் போடுகிறார்கள். அதிலிருந்து பறவையைக் காப்பாற்ற ஒரு தகவலாவது கிடைக்கிறது. நம் வீடியோவில் கிடைப்பது நாற்பது லைக். டாக்டர் ஊசி போடுகிறார் என்பதற்காக எல்லோரும் ஊசியைக் கையில் எடுக்க முடியுமா?

"இது எங்க பொழைப்பு." இதைச் சொல்கிறவர்களை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பச்சைத் தேயிலைக்கு என்ன விலை கிடைக்கிறது என்று இந்த மலையில் யாரிடமும் விளக்க வேண்டியதில்லை. இரண்டு அறை கட்டி வாடகைக்கு விட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறீர்கள். சந்தோஷம். அதனால்தான் சொல்கிறேன்: உங்கள் பிழைப்பின் முதலீடு அந்தப் பறவை. பழகிப் போய்ப் பதில் சொல்லாமல் உள்ளே ஒதுங்கிவிட்டால், அடுத்த வருடம் விருந்தினருக்கு எதைக் காட்டுவீர்கள்?

இப்போது தம்பி மகன் விஷயத்துக்கு வருகிறேன். பிவிண்டி 1991-ல் தேசியப் பூங்கா ஆனது. ஆப்பிரிக்கப் பச்சை அகலவாயன் என்ற பறவை அங்கேயும் பக்கத்துக் காங்கோ நாட்டின் கிழக்கு மலைகளிலும் மட்டுமே இருக்கிறது. அதற்காகவே உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் போகிறார்கள். இவன் அங்கே மலைக் கொரில்லாவையும் பார்த்திருக்கிறான். வெளிநாட்டவருக்கு ஒரு பெர்மிட் 800 டாலர். ஒரு கொரில்லாக் குடும்பத்தை ஒரு நாளில் எட்டுப் பேர்தான் பார்க்கலாம். அதுவும் ஒரு மணி நேரம். பத்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், முகக்கவசம் போட வேண்டும், சளி காய்ச்சல் இருந்தால் போகக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "அத்தை, எவ்வளவு ஒழுங்கு தெரியுமா!" என்று எழுதுகிறான்.

அங்கே எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. அந்தப் பூங்காவுக்காகக் காட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட பட்வா பழங்குடிகள் இன்னும் நிலம் இல்லாமல் கஷ்டப்படுகிறார்கள். ஆனால் என் கேள்வி நம்மவர்களைப் பற்றியது. விமானம் ஏறிப் போய், கிட்டத்தட்ட 70,000 ரூபாய் கட்டி, எட்டுப் பேர், ஒரு மணி நேரம் என்ற கட்டுப்பாட்டைப் பெருமையாக ஏற்றுக்கொள்கிறோம். அதே ஆள் கோத்தகிரிக்கு வந்தால் ஸ்பீக்கர் எங்கே என்று கேட்கிறார். அந்த ஊர்க் காட்டுக்கு உள்ள மரியாதை நம் ஊர்ச் சோலைக்குக் கிடையாதா? இலவசமாகப் பார்க்கக் கிடைப்பதால் மலிவாகத் தெரிகிறதா?

நம் சோலை மலிவானது என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். கோத்தகிரி லாங்வுட் சோலை வெறும் 116 ஹெக்டேர்தான். 2024 ஜனவரியில் அதை ராம்சார் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவித்தார்கள். சோலைக்கிளி, நீலகிரி சிரிப்பான், நீலகிரி காட்டுப்புறா மூன்றுக்கும் அது வீடு. சுற்றியுள்ள கிராமங்களுக்குத் தண்ணீரும் அங்கிருந்துதான்.

பறவை பார்ப்பது என்றால் காத்திருப்பது. ஜேம்ஸ் சாப்பின் என்ற ஆய்வாளர் 1913-ல் காங்கோ காட்டில் ஒரு மனிதரின் தலையணியில் ஓர் இறகைப் பார்த்தார். எந்தப் பறவையுடையது என்று தெரியவில்லை. 23 வருடம் கழித்து, 1936-ல், பெல்ஜியம் அருங்காட்சியகம் ஒன்றில் இந்திய மயிலின் குஞ்சு என்று தவறாகச் சீட்டு ஒட்டி வைத்திருந்த பறவையிடம் அதே இறகைக் கண்டார். அதுதான் காங்கோ மயில். மறுபடி காட்டுக்குப் போய் உயிருள்ள பறவையைத் தேடினார். ஓர் இறகுக்காக ஒருவர் அத்தனை வருடம் பொறுத்திருக்கிறார். நமக்கு இருபது நிமிடம் ஒரு மரத்தடியில் சும்மா உட்கார முடியவில்லை.

உட்கார்ந்து பாருங்கள். விடிந்த கொஞ்ச நேரத்தில் சிரிப்பான்கள் தாமாகவே கூட்டமாகச் சிரிக்கும். கருப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பான் உங்கள் முழங்கால் உயரத்தில் வந்து உட்காரும். அசையாமல் இருந்தால் சோலைக்கிளியும் வரும். வராவிட்டால் வரவில்லை. அது அதன் காடு.

சட்டமும் தெரிந்திருக்கட்டும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தில், இரை வைத்து இழுப்பதும், காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அடங்கும். புழு வைத்துப் படம் எடுப்பவர்களும், கூட்டை மறைக்கும் இலைகளைக் கிள்ளிவிட்டுக் குஞ்சைப் படம் எடுப்பவர்களும் இதை ஒரு தடவை படிக்கட்டும்.

ஆகவே உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். ஹோம்ஸ்டே, ஜீப், கைடு வேலையில் இருக்கும் பிள்ளைகளே, 'இங்கே பறவைக் குரல் ஒலிபரப்ப மாட்டோம்' என்று வாசலில் ஒரு போர்டு வையுங்கள். கிடைக்க வேண்டிய மரியாதை தானாகக் கிடைக்கும். வெளியூரில் இருக்கும் உறவுகளே, கைடை அமர்த்தும் முன் "ஸ்பீக்கர் போடுவீங்களா?" என்று கேளுங்கள். போடுவேன் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். கூட்டின் படங்களுக்கும் இப்படி இழுத்து எடுத்த வீடியோக்களுக்கும் லைக் போடாதீர்கள். ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்கள் இதை வகுப்பில் சொல்லுங்கள்.

வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும் வரை பையன்களின் பையிலிருந்து எத்தனை உண்டிவில் பிடுங்கி மேசை டிராயரில் போட்டிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். ஸ்பீக்கரைப் பிடுங்க இப்போது எனக்கு அதிகாரம் இல்லை. நீங்களே கீழே வைத்துவிடுங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் கமெண்டில் எழுதுங்கள். பதில் சொல்கிறேன்.

உங்கள் டீச்சர்,
ஜெகதளா