இடைவெளியை அடைக்க ஓர் ஆற்றலா?

பேரண்டம் எவ்வளவு வேகமாக விரிகிறது? வானியலாளர்களிடம் இதற்கு இரண்டு விடைகள் இருக்கின்றன. அண்டத்துக்கு 3,80,000 ஆண்டு வயதானபோது புறப்பட்ட ஒளியை ஆராய்ந்த பிளாங்க் விண்கலத்தின் தரவு, மெகாபார்செக்குக்கு நொடிக்கு 67.4 கிலோமீட்டர் என்கிறது. செஃபீட் விண்மீன்களையும் சூப்பர்நோவாக்களையும் படிகளாக வைத்து ஆடம் ரீஸ் குழு 2022இல் தந்த அளவு 73. பிளாங்க் வேகத்தை நேரடியாக அளக்கவில்லை. ஆதி அண்டத்தில் ஒலி அலை கடந்த தொலைவை அளவுகோலாகக் கொண்டு கணித்தது. அந்த அளவுகோலையே குட்டையாக்கிவிட்டால் கணித்த வேகமும் உயருமே? அண்டம் பிறந்து சுமார் 50,000 ஆண்டுகள் ஆனபோது மொத்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்கு வரை தலைகாட்டி, விரிவைத் துரிதப்படுத்திவிட்டு மறைந்த ஒன்றை 2019இல் விவியன் பூலனும் உடன் ஆய்வாளர்களும் முன்வைத்தார்கள். அதுதான் தொடக்ககால இருள் ஆற்றல். கணக்கு அழகாகவே நேரானது.

இடைவெளியை அடைக்கவென்றே வந்த கருத்து அதை அடைத்துக் காட்டுவதில் வியப்பில்லை. வேறு தரவுகளின் முன் அது தாக்குப்பிடிக்கிறதா என்பதே கேள்வி. என் பார்வையில், இதுவரை இல்லை. அந்த ஆற்றலைச் சேர்த்தால், பிளாங்க் ஆராய்ந்த நுண்ணலைப் பின்னணி ஒளியோடு பொருந்த இருள் பொருளையும் கூட்டவேண்டும். கூட்டினால் பொருள் இன்னும் அதிகமாகத் திரள வேண்டும். விண்மீன் மண்டலக் கணக்கெடுப்புகளில் அந்தக் கூடுதல் திரட்சி தென்படவில்லை. சிலியின் அட்டகாமா தொலைநோக்கித் தரவில் 2021இல் தொடக்ககால இருள் ஆற்றலின் ஒரு சாயல் தெரிந்தபோது எழுந்த உற்சாகம் நியாயமானதே. அதே தொலைநோக்கியின் மேலும் துல்லியமான தரவு 2025இல் வந்தபோது அந்தச் சாயல் காணாமல் போனது.

சோதிக்கும் புள்ளியியல் முறையே இந்தக் கருத்துக்கு எதிராகச் சாய்ந்திருக்கிறது என்று ஒரு மறுப்பு உண்டு. அதில் உண்மையும் உண்டு: கூடுதல் அளவுருக்கள் கொண்ட மாதிரியை வழக்கமான முறை கீழே இழுக்கக்கூடும். 2022இல் ஹெரால்டு, ஃபெரேரா, கோமாட்சு மூவரும் வேறு முறையில் கணக்கிட, அந்த ஆற்றலின் பங்கு 7 விழுக்காட்டை ஒட்டி வந்தது. ஆனால் பிழை எல்லை அதில் பாதி. அதைச் சான்றென்று எப்படிச் சொல்வது? சிறிதளவு ஆற்றல் இன்னும் ஒளிந்திருக்கலாமே என்றால், இருக்கலாம். அவ்வளவு சிறிதாக இருந்தால் 67க்கும் 73க்கும் நடுவிலுள்ள பள்ளத்தை அதனால் நிரப்ப முடியாது.