மரமேறும் கயிறும் மலிவு விலைப்புள்ளியும்

நம் சங்கங்களின் இருப்புப் பதிவேட்டைப் புரட்டினால் ‘கயிறு’ என்று ஒரே ஒரு தலைப்புத்தான் காணப்படும். கிணற்றுக் கயிறு, மூட்டை கட்டும் கயிறு, மாட்டுக் கயிறு, மரமேறுவோர் இடுப்பில் பூட்டிக்கொள்ளும் கயிறு யாவும் அதனுள் அடக்கம். வாங்கிய அளவும் கொடுத்த விலையும் பிழையின்றி எழுதப்பட்டிருக்கும். எந்தக் கயிற்றில் மனிதர் தொங்குகிறார் என்பது மட்டும் தெரியாது. இக்குறையை நாம் பல ஆண்டுகள் கவனித்ததில்லை. கவனியாதது மட்டுமன்று, அதனை வளர்த்ததிலும் நமக்குப் பங்குண்டு. ஆகவே அதனை ஒப்புக்கொண்டே இக்கட்டுரையைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், தென்னையும் புளியும் மிகுந்த ஒரு பகுதியில் உற்பத்தியாளர் சங்கம் ஒன்றை ஆய்வு செய்யச் சென்றிருந்தோம். அங்கத்தினர் தோட்டங்களில் காய் பறிக்கவும், புளி உலுக்கவும், காய்ந்த கிளைகளைக் கழிக்கவும் அச்சங்கம் ஒரு மரமேறும் குழுவை நடத்திவந்தது. குழுவுக்கு வேண்டிய கயிறும் இடைவாரும் வாங்க மூன்று விலைப்புள்ளிகள் பெற்று, அவற்றுள் மிக அதிகமானதை ஏற்றிருந்தார்கள். ஏற்றதற்குக் காரணம் தீர்மானத்தில் எழுதப்படவில்லை. ‘குறைந்த விலைப்புள்ளியை நிராகரித்ததற்குக் காரணம் பதிவு செய்யப்படவில்லை, சங்கத்துக்கு நிதி இழப்பு’ என்று ஆய்வறிக்கையில் எழுதினோம். விதிப்படி அதில் பிழை காண இயலாது. அடுத்த முறை கயிறு வாங்குகையில் செயலாளர் நம் குறிப்புக்கு அஞ்சி, மிகக் குறைந்த விலைப்புள்ளியையே ஏற்றார். ‘குறை நிவர்த்தி செய்யப்பட்டது’ என்று நாமே கையொப்பமும் இட்டோம்.

வந்தது, பந்தல் போடவும் பாரம் கட்டவும் உதவும் பாலிபுரொப்பிலீன் கயிறு. இரண்டாவது கோடையில், புளியமரம் ஒன்றில் பதினைந்தடி உயரத்தில் அது அறுந்தது. விழுந்தவர் பிழைத்தார், இடுப்பெலும்பு முறிந்தது. இன்று அவர் அச்சங்கத்தின் உரக் கடையில் சீட்டு எழுதுகிறார். அவரைக் காணச் சென்றபோது நம்மேல் அவர் குறை ஒன்றும் கூறவில்லை. “கடையிலே பார்த்தா எல்லாக் கயிறும் புதுசாத்தான் இருக்குதுங்க, ஐயா” என்றார். அச்சொல்லுக்கு அன்று நம்மிடம் விடை இல்லை. பின்னர் இதுபற்றி அறிந்தவர்களிடம் கேட்டும், நூல்களைப் பார்த்தும், கயிற்றைக் கையில் எடுத்துப் பழகியும் தெரிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறோம்.

குறைந்த விலை என்பது ஒரே தரமுள்ள பொருள்களுக்கிடையே மட்டும் பொருந்தும் சொல். தரத்தை முதலில் எழுதிவிட்டுப் பின்னர் விலை கேட்பதை எந்த விதியும் தடுக்கவில்லை. நம் சங்கங்களோ ‘நல்ல கயிறு 100 மீட்டர்’ என்று எழுதி விலை கேட்கின்றன. நெசவாளர் சங்கம் எதுவும் ‘நல்ல நூல் 100 கிலோ’ என்று எழுதிக் கேட்பதுண்டா? எத்தனையாம் நம்பர் நூல், ஒற்றையா இரட்டையா, சிட்டமா கோனா என்றெல்லாம் எழுதுவார்கள் அல்லவா? உயிர் தாங்கும் கயிற்றுக்கு அவ்வளவேனும் எழுத வேண்டாமா?

மரவேலைக்குரிய கயிறு இரண்டு பாகங்களால் ஆனது. உள்ளே சுமை தாங்கும் இழைக் கற்றை. வெளியே அதனைச் சுற்றி இறுகப் பின்னிய உறை. இது நைலானாலோ பாலியெஸ்டராலோ, இரண்டும் கலந்தோ செய்யப்படும். 11 முதல் 13 மில்லிமீட்டர் வரை பருமன் இருந்தால் கைக்குப் பிடிப்பாக இருக்கும். இதற்கு ஐரோப்பியத் தரக்குறி இ.என். 1891, ‘ஏ’ வகை என்பது. அக்குறி பெற்ற கயிறு குறைந்தது 22 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 2,200 கிலோ எடையின் இழுவையைத் தாங்க வேண்டும். எண்பது கிலோ மனிதருக்கு இவ்வளவு எதற்கு என்று ஒரு நிர்வாகக் குழு உறுப்பினர் நம்மைக் கேட்டார். முடிச்சிட்ட இடத்தில் வலு நாலில் ஒரு பங்கு, சில முடிச்சுகளில் அதற்கு மேலும் குறைந்துவிடுகிறது. நைலான் நனைந்தால் பத்தில் ஒரு பங்கிற்குமேல் குறைகிறது. வெயிலும் உராய்வும் ஆண்டுதோறும் தம் பங்கை எடுத்துக்கொள்கின்றன. இவை யாவும் போக எஞ்சுவதே மரமேறுபவருக்கு உரியது.

பாலிபுரொப்பிலீனுக்கு இரண்டு குற்றங்கள் உண்டு. நம் வெயிலில் அது விரைவில் நைந்து பொடிகிறது. அன்றியும் 165 டிகிரி சென்டிகிரேடு அளவிலேயே உருகிவிடுகிறது. நைலானும் பாலியெஸ்டரும் உருக 220 முதல் 260 டிகிரி வரை வேண்டும். ஓடும் கயிறு நிற்கும் கயிற்றின் ஒரே இடத்தில் உராய்ந்துகொண்டிருந்தால் எழும் சூடு சிறிதன்று. தேங்காய் நார்க் கயிறும் இப்பணிக்கு ஆகாது. நார்ச் சங்கத்து அன்பர்கள் கோபிக்க வேண்டாம். கிணற்றிலும் தோணியிலும் அதற்கு நிகர் இல்லை என்பதை நாமும் அறிவோம்.

இடைவார் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறோம். இடுப்பில் மட்டும் கட்டும் பட்டை, மரத்தோடு சாய்ந்து நிற்கத்தான் உதவும். அதனை மட்டும் நம்பி விழுந்தால் முதுகெலும்புக்கும் வயிற்றுக்கும் கேடு. தோளையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கும் முழுவுடல் வார் வேண்டும். இந்தியத் தரக்குறி ஐ.எஸ். 3521 அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கட்டட வேலைக்கென விற்கும் வார்கள் சிலவற்றில் முதுகுப் பக்கம் மட்டுமே வளையம் இருக்கும். மரத்தில் வேலை செய்ய முன்புறமும் இரு பக்கமும் வளையங்கள் தேவை. காரபினர் எனப்படும் கொக்கி, தானே பூட்டிக்கொள்ளும் வகையினதாக இருத்தல் நன்று. குறுக்குவாட்டில் சுமை விழுந்தால் அதன் வலு மூன்றில் ஒரு பங்காகிவிடும் என்பதையும் ஏறுபவருக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

இனி, கயிற்றை மரத்தில் அமைக்கும் முறை. புளி, மா, இலவு போன்ற கிளைத்த மரங்களில் தரையிலிருந்தே தொடங்கலாம். 300 அல்லது 400 கிராம் எடையுள்ள சிறு பையை மெல்லிய கயிற்றில் கட்டி, தேர்ந்த கவட்டின் மேல் எறிந்து, அதன் பின்னால் பெரிய கயிற்றை இழுத்துவிட வேண்டும். கவடு பச்சையாகவும், அடிமரத்தை ஒட்டியும், பத்துச் சென்டிமீட்டருக்குக் குறையாத பருமனுடனும் இருக்க வேண்டும். புளியங்கிளை வைரமானது, இலவங்கிளை அவ்வாறன்று, முருங்கையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஏறுமுன் இருவர் சேர்ந்து அக்கயிற்றில் தொங்கிப் பார்த்தல் அவசியம். நாம் கண்ட ஒரு தோட்டத்தில் அவ்வாறு தொங்கியபோதே உளுத்த கிளை ஒன்று முறிந்து விழுந்தது. இருவரும் தரையிலேயே நின்றமையால் சிரித்துவிட்டு விலகினார்கள். கவட்டில் கயிறு ஓடும் இடத்தில் தோலுறையோ கெட்டித் துணியுறையோ இட்டால், மரப்பட்டையும் பிழைக்கும், கயிறும் பிழைக்கும்.

கயிற்றின் ஒரு முனையை இடைவாரில் பூட்டி, கவட்டிலிருந்து இறங்கும் மறுபுறத்தை ஒரு பிடிமுடிச்சினால் அதே இடைவாரோடு இணைப்பார்கள். பெரிய கயிற்றைவிட மெல்லிய கயிற்றால் மும்முறை சுற்றிப் போடும் புரூசிக் முடிச்சு இதற்கு எளியது. ஆஸ்திரிய மலையேறியான கார்ல் புரூசிக் 1931-இல் இதனை வெளியிட்டார். கையால் தள்ளினால் நகரும். உடல் எடை விழுந்தால் இறுகும். தரையை விட்டு இரண்டடி எழுந்ததும் அது பிடிக்கிறதா என்று சோதித்த பின்னரே மேலே செல்ல வேண்டும். கயிறு இரட்டையாக ஓடுவதால் கவட்டின் உயரத்தைப் போல் இரு மடங்குக்கு மேலும் நீளம் வேண்டும். வால்முனையில் ஒரு தடை முடிச்சும் இட வேண்டும். இறங்குகையில் கயிறு தீர்ந்துபோய் விழுந்தவர்களும் உண்டு.

எல்லாவற்றிலும் முக்கியம் கயிறு தளராதிருத்தல். எண்பது கிலோ எடையுள்ளவர் தளர்ந்த கயிற்றில் ஒரு மீட்டர் விழுந்து, பத்துச் சென்டிமீட்டருக்குள் நிறுத்தப்பட்டால், அவர் உடல்மேல் வரும் சராசரி இழுவை 880 கிலோ எடைக்குச் சமம். பள்ளிக்கூடக் கணக்கு இது, போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். இவ்வகைக் கயிறு அதிகம் நீளாது. எனவே எப்போதும் தலைக்கு மேலிருந்து இறுக்கமாகவே வர வேண்டும். கவட்டுக்கு மேலே ஏற வேண்டுமானால் அதற்கு மேல் வேறொரு கவட்டைப் பிடித்த பின்னரே ஏறலாம். அரிவாளோ வாளோ எடுக்கும்போது இரண்டாவதாக ஒரு பக்கவாரையும் பூட்ட வேண்டும். அது எஃகுக் கம்பி உள்ளோடிய வாராக இருந்தால் தவறி விழும் ஒரு வெட்டைத் தாங்கும். கீழே, மரமேறத் தெரிந்த இன்னொருவரும் தனிக் கயிறும் இருக்க வேண்டும். மயங்கி இடைவாரில் அசைவின்றித் தொங்குபவரின் இரத்தம் கால்களில் தேங்குகிறது. சில நிமிடங்களுக்குள் இறக்காவிடில் உயிருக்கே இடர்.

தென்னைக்குக் கிளையில்லாமையால் இம்முறை செல்லாது. கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரியைச் சேர்ந்த ஜோசப் என்பவர் அமைத்த, இரு சட்டங்களில் கால் வைத்து ஏறும் கருவியும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அமர்ந்தேறும் கருவியும் கிடைக்கின்றன. தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் இத்தகைய கருவிகளில் பயிற்சி அளித்துவந்துள்ளது. கருவி ஏற்றிவிடும், கருவியே காப்பாகிவிடாது. மரத்தைச் சுற்றி இடைவாரோடு பூட்டும் தனி வார் அப்போதும் வேண்டும்.

தளைநாரும் அரிவாள்பெட்டியும் தவிர வேறொன்றுமின்றி நாளெல்லாம் பனையேறிய முன்னோரைச் சுட்டி, இவையெல்லாம் எதற்கு என்று கேட்பார் உளர். அவர்களுடைய திறமைக்கு முன் நாம் தலை வணங்குகிறோம். ஆனால் அவர்களுள் விழுந்தவர்களின் கணக்கை எந்தப் பதிவேடும் வைத்திருக்கவில்லை. விழுந்தவரின் மனைவியும் மக்களுமே அதனை அறிவர்.

நல்ல தொகுதி ஒன்றின் விலை மலிவுக் கயிற்றைப்போல் பல மடங்கு என்பது உண்மை. தனி மரமேறி வாங்க இயலாததை வாங்கிக் கொடுக்கத்தானே சங்கம் இருக்கிறது? எனினும் ஒன்றில் நாம் கூட்டுறவுக்கு மாறாகவே பேசுவோம். இடைவாரைப் பொதுவில் வைக்கலாகாது. ஒவ்வொருவர் பெயருக்கும் ஒன்று எழுதித் தர வேண்டும். பொதுவில் தொங்கும் வாரை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

வாங்கியதை எங்கே வைப்பது? மேற்படி சங்கத்தில் கயிற்றுச் சுருள் உரக் கிடங்கில், பூச்சிமருந்துப் பெட்டியின் மேல், பழைய பாட்டரி ஒன்றின் அருகே கிடந்தது. பாட்டரி அமிலத்தின் ஆவியே நைலானைக் கண்ணுக்குத் தெரியாமல் கெடுத்துவிடும். கயிற்றுக்கு நிழலான, உலர்ந்த தனிப் பெட்டி வேண்டும். அழுக்கானால் மென்மையான சோப்பு நீரில் அலசி நிழலில் உலர்த்தலாம். மாதம் ஒருமுறை முழு நீளத்தையும் விரல்களுக்கிடையே ஓட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே குழைந்த இடம், தடித்த இடம், உறை உருகிப் பளபளக்கும் இடம் தென்பட்டால் அக்கயிறு மூட்டை கட்டப் போகட்டும். நாம் அறிந்த ஊர் ஒன்றில் இச்சோதனையைப் பக்கத்து நெசவாளர் சங்கத்து முதியவர் ஒருவரிடம் விட்டிருக்கிறார்கள். நாம் மும்முறை பார்த்தும் காணாத மெலிவை அவர் விரல் ஒரே ஓட்டத்தில் நிறுத்திக் காட்டியது.

இவ்வாண்டு முதல் நாம் ஆய்வுக்கு வரும் சங்கங்களில் மரமேறும் கயிற்றுக்குத் தனிப் பதிவேடு கேட்போம். வாங்கிய நாள், தரக்குறி, தயாரித்த ஆண்டு, யார் பெயரில் உள்ளது, கடைசியாகப் பார்த்த நாள், பார்த்தவர் கையொப்பம், விழுகை தாங்கியதா என்பன அதில் இருத்தல் வேண்டும். விழுகை தாங்கிய கயிறும் வாரும் அன்றே கழிக்கப்பட வேண்டும். ஒன்றும் நேராவிடினும், தயாரிப்பாளர் குறித்த ஆயுள் முடிந்ததும் கழிக்க வேண்டும். அவ்வாறு கழித்ததை இழப்பு என்று நாம் எழுத மாட்டோம். மாசி, பங்குனியில் புளி உலுக்கு மும்முரமாகிவிடும். ஆதலால் தை மாத நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே தரத்தைக் குறித்துத் தீர்மானம் எழுதி, அதன் பின்னர் விலைப்புள்ளி கேட்பது நன்று.