பெல்ட்டைச் சோதிக்காமல் பறக்கவிடாதீர்கள்: பாராகிளைடிங் பயணிகளுக்கான கோரிக்கைச் சாசனம்

புதுக்கோட்டை மாவட்ட ஆட்சியருக்கும் தமிழ்நாடு சுற்றுலாத் துறைக்கும்.

2019 நவம்பரில் இமாச்சலத்தின் குலு மாவட்டத்தில், தேனிலவுக்குப் போயிருந்த சென்னை இளைஞர் ஒருவர் பாராகிளைடரிலிருந்து விழுந்து இறந்தார். 2025 ஜனவரியில் கோவாவின் கேரியில் நடந்த பாராகிளைடிங் விபத்தில் பயணியான இளம்பெண்ணும் பைலட்டும் சேர்ந்தே மாண்டார்கள். நம் நார்த்தாமலையும் குடுமியான்மலையும் தாழ்ந்த குன்றுகள். பைலட்டோடு பயணியும் சேர்ந்து பறக்கும் டேண்டம் பறப்பு நம் மாவட்டத்தில் இல்லை. ஆனால் நம் பிள்ளைகள் கேரளத்தின் வாகமண்ணுக்கும் இமாச்சலத்தின் மணாலிக்கும் பீருக்கும் போய்ப் பறக்கிறார்கள். அதனால்தான் கேட்கிறோம்.

முதலில் தொடைப் பெல்ட். அது பூட்டப்படாவிட்டால் தரையை விட்டு எழுந்ததும் பயணி இருக்கையிலிருந்து நழுவிவிடக்கூடும். இரு தொடைப் பெல்ட், மார்புப் பெல்ட், பைலட்டோடு பிணைக்கும் இரு கொக்கிகள் எல்லாவற்றையும் பைலட்டும் இன்னொருவரும் தனித்தனியே கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். கால் தரையை விடும்வரை ஓட வேண்டும், பாதியில் உட்காரக் கூடாது, கயிறுகளைப் பிடிக்கக் கூடாது என்பதைப் பயணிக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும்.

அடுத்தது, வானத்தில் இறக்கை மடங்கும் நேரம். ஒரு பக்கம் மடங்கினால் கிளைடர் அந்தப் பக்கமே திரும்பும். பைலட் எதிர்ப்பக்கம் சாய்ந்து, பிரேக்கை அளவாக இழுத்துத் திசையைக் காத்த பிறகே மடிந்ததை விரிக்க முயல வேண்டும். சுழற்சி நிற்காமல் உயரமும் குறைந்தால் தயங்காமல் ரிசர்வ் பாராசூட்டை எறிய வேண்டும். யோசிக்க அவருக்குக் கிடைப்பது சில நொடிதான். ஆகவே பயிற்றுநர் மேற்பார்வையில், நீர்ப்பரப்பின் மேல் இவற்றுக்கான பயிற்சியை முடிக்காதவருக்கு டேண்டம் உரிமம் தரக் கூடாது. ரிசர்வ் இருவரின் எடையையும் கருவிகளின் எடையையும் தாங்குவதாக இருக்க வேண்டும்; கடைசியாக மடித்துக் கட்டிய தேதி பயணி கண்ணில் படும்படி எழுதப்பட வேண்டும்.

காற்று அளவை மீறினால் பறப்பை நிறுத்த வேண்டும். பயணிக்கு முழுப் பணமும் திரும்ப வேண்டும், பைலட்டுக்கு அன்றைய கூலியும் கிடைக்க வேண்டும். கூலி போய்விடுமே என்ற கவலையோடு நிற்பவர் காற்றைப் பார்த்து நேர்மையாக முடிவெடுப்பது கடினம். இதை நாங்கள் அழுத்திச் சொல்கிறோம்.

இமாச்சலம் 2004-இலேயே வான்விளையாட்டு விதிகள் வகுத்தது. ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை மழைக்காலத் தடையும் விதிக்கிறது. அங்கும் சாவுகள் நின்றபாடில்லை. ஆகவே தமிழ்நாட்டில் பறப்பு நடத்துவோரின் பதிவோடு முன்னறிவிப்பில்லாத சோதனையும் வேண்டும், விபத்து அறிக்கைகள் தமிழில் வெளியாக வேண்டும். பதிவும் காப்பீடும் இல்லாத இடத்தில் மாணவர்களைப் பறக்கவிடும் கல்விச் சுற்றுலாவுக்கு மாவட்ட நிர்வாகம் அனுமதி மறுக்க வேண்டும்.