கொசுவத்தி சுத்தினது போதும் மக்களே!

இங்க பெங்களூருல பொட்டி தட்டற நாலு பேர் கூடினா போதும், கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சிடறாங்க. "அந்தக் காலத்து கேம் மாதிரி வருமா?" 1982ல வந்த இசட் எக்ஸ் ஸ்பெக்ட்ரம்ல, கேசட்ல இருந்து ஒரு கேம் ஏறவே நாலஞ்சு நிமிஷம் கீச்சுனு கத்தும், சமயத்துல கடைசி நொடியில புட்டுக்கும். அதுக்கா இத்தனை ஏக்கம்?

ஏங்க வேண்டியது வேற விஷயத்துக்கு. அந்தப் பொட்டியைப் போட்டதுமே பேசிக் தயாரா நிக்கும். பத்திரிகையில அச்சான நிரலை அடிச்சு, ஒரு எண்ணை மாத்தினா மூணு உயிர் முப்பதாகும். பெரிய மாடல்லயே ரேம் 48 கேபிதான். இன்னிக்கு 8 ஜிபி போன்ல அதைப்போல 1 லட்சம் மடங்குக்கு மேல இருக்கு. ஆனா ஆடற கேம்ல பிள்ளையால ஒரு வரியை மாத்த முடியாது. காசு கட்டி உயிர் வாங்கலாம், அவ்வளவுதான்.

1984ல மத்திய அரசு கிளாஸ் திட்டத்துல பள்ளிகளுக்குக் குடுத்த பிபிசி மைக்ரோலயும் பேசிக் இருந்தது. தொட்டுப் பார்க்கக் கிடைச்சது கொஞ்சம் பேருக்குத்தான். இப்ப கணினி எல்லார் கையிலயும் இருக்கு, சாவிதான் இல்ல.

எமுலேட்டர்ல பழைய கேம் ஆடி உருகினது போதும். வீட்டுப் பிள்ளைக்கு ஒரு கேம் எழுதக் கத்துக்குடுங்க. பத்து வரி போதும்.