சர்வோவைத் திட்டாதீர்கள்

திருவொற்றியூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பேரனின் ரிமோட் டாங்கி ஓடுகிறது. ஆவடித் தொழிற்சாலையிலிருந்து 1965இல் முதன்முதலாக வெளிவந்த விஜயந்தாவைப் பார்த்து, பதினாறில் ஒரு பங்கு அளவில் அவனே செய்தது. பீரங்கிக்குப் பித்தளைக் குழாய். அதை ஏற்றி இறக்க ஒன்பது கிராம் சர்வோ மோட்டார்.

ஒரே மாதத்தில் இரண்டு சர்வோ போய்விட்டது. "மட்டமான சாமான், இனி காசு கிடையாது, கடையில் ரெடிமேடாக வாங்கிக்கொள்" என்றான் என் மகன். பையன் முகம் சுண்டிவிட்டது. இதில் நான் பேரன் கட்சி. ஏன், சர்வோவின் கட்சி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சாதாரண மோட்டார் மின்சாரம் வந்தால் சுற்றும், அவ்வளவுதான். சர்வோ அப்படியில்லை. ரிசீவரிலிருந்து நொடிக்கு சுமார் 50 துடிப்புகள் வரும். துடிப்பின் நீளம் 1.5 மில்லி செகண்ட் என்றால் நடுவில் நில் என்று பொருள். 1 என்றால் ஒரு கோடி, 2 என்றால் மறு கோடி. உள்ளே இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர், அச்சு இப்போது எங்கே நிற்கிறது என்று சொல்லும். சொன்ன இடமும் நிற்கிற இடமும் ஒன்றாகும் வரை அது ஓயாது. முன்பாரமான குழாய் கீழே இழுத்துக்கொண்டே இருந்தால், அதுவும் முனகிக்கொண்டே தாங்கும், சூடாகும், கடைசியில் கருகும்.

காசிமேட்டில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு வாங்கிவரச் சொன்னேன். சர்வோவைக் கழற்றிவிட்டு, குழாய் தானாகவே மட்டமாக நிற்கும் வரை அச்சுக்குப் பின்புறம் ஈயத்தை ஒட்டினோம். பிறகு இணைப்புக் கம்பியை சர்வோ கையின் உள் துளையிலும், பீரங்கிப் பக்கம் வெளித் துளையிலும் மாட்டினோம். பீரங்கி மெதுவாகத்தான் ஏறுகிறது, ஆனால் பலம் கூடிவிட்டது. மூன்றாவது சர்வோ முனகவில்லை.

பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். சர்வோ என்ற பெயரே பிரெஞ்சிலிருந்து வந்ததுதான். கப்பல் சுக்கானைத் திருப்பும் நீராவி இயந்திரம் செய்த ஃபார்கோ என்பவர், 1873இல் எழுதிய நூலில் அதை 'மோத்தேர் அஸெர்வி' என்றார். அடிமைப்பட்ட மோட்டார் என்று அர்த்தம்.

நானும் குமாஸ்தாவாக இருந்தவன்தான். ஒருமுறை மூன்று சீட் வேலையை ஓர் இளநிலை உதவியாளர் தலையில் கட்டினார்கள். தாமதத்துக்கு அவருக்கே மெமோவும் வந்தது. பாரத்தைப் பிரிக்க வேண்டும் என்று நான் வாய் திறக்கவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

ஆகவே நண்பர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளையின் சர்வோ கருகினால், பெரியதாக இன்னொன்று வாங்குமுன் குழாயைத் தூக்கிப் பாருங்கள்.