மின்சாரத்துக்கும் முறை வைக்கலாம்!

பொத்தேரியில் மாடிக் குடியிருப்புகள் பெருகிவிட்டன. அங்கே நிற்கும் வண்டிகளில் மின்சார வண்டிகளும் உண்டு.

வண்டியோடு வம்பும் வருகிறது. "இங்கே சார்ஜ் போடாதீர்கள். எல்லோர் வீட்டிலும் கரண்ட் போய்விடும்" என்று சிலர் தடுக்கிறார்கள்.

இந்தப் பயம் நியாயமா? பாதி நியாயம்தான்.

கணக்கு இதோ

மின்சார ஸ்கூட்டர் சுமார் 750 வாட் இழுக்கும். அதனால் பெரிய தொல்லை இல்லை. காருக்குத்தான் கவனம் வேண்டும். 16 ஆம்பியர் பிளக்கில் சார்ஜ் ஏறும் கார் சுமார் 3,000 வாட் இழுக்கும். ஏ.சி.க்கு 1,500 வாட், வெந்நீர் ஹீட்டருக்கு 2,000 வாட். மூன்றும் ஒன்றாக ஓடினால் சிறிய வீட்டு இணைப்பு தாங்காது.

ஒரு குடியிருப்பில் பத்து கார்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலை 7 மணிக்குப் பத்தும் சேர்ந்து சார்ஜ் ஏறினால் 30,000 வாட்!

வழி என்ன?

தினமும் பாட்டரியை நிரப்ப வேண்டியதில்லை. பொத்தேரியிலிருந்து தாம்பரம் போய்த் திரும்பச் சுமார் 30 கிலோமீட்டர். அதற்கு ஐந்து யூனிட் மின்சாரம் போதும். இரண்டு மணி நேரத்தில் ஏறிவிடும்.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாக, நான்கு முறை வைக்கலாம். ஒரு முறைக்கு மூன்று கார்களுக்கு மேல் வராது. 30,000 வாட் 9,000 வாட்டாகக் குறைந்துவிடும். நள்ளிரவில் யாரும் எழ வேண்டாம். பல கார்களில் நேரம் குறித்து வைக்கும் வசதி இருக்கிறது.

பிரிட்டனிலும் இதே யோசனைதான். அங்கே 2022 ஜூன் 30 முதல் விற்கப்படும் வீட்டுச் சார்ஜர்கள், மின்சாரத் தேவை மிகுந்த நேரத்தைத் தாமே தவிர்க்கும்படி அமைக்கப்பட வேண்டும் என்பது சட்டம்.

செங்கல்பட்டு ஏரிகள் நிறைந்த மாவட்டம். ஏரித் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சிய மண்ணுக்கு இது புதிய பாடமா?

ஒயர் தொங்கவிடாதீர்கள்!

மாடியிலிருந்து ஒயரைத் தொங்கவிட்டு, எக்ஸ்டென்ஷன் பெட்டியில் காரை மாட்டுவது ஆபத்து. ஒயர் சூடேறித் தீப்பிடிக்கலாம். அவரவர் மீட்டரிலிருந்து எர்த்துடன் தனி லைன் இழுக்க வேண்டும். வேலையைத் தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் கொடுங்கள்.

வீட்டில் இருக்கும் இணைப்பிலேயே வண்டிக்குச் சார்ஜ் ஏற்றலாம் என்று மத்திய மின்சார அமைச்சகம் 2024 செப்டம்பரில் கூறிவிட்டது.

"கூடாது" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். முறை வகுக்க ஒரு மாலைப் பொழுது வேண்டும். குடியிருப்போர் சங்கங்கள் அந்த ஒரு மாலையை ஒதுக்கட்டும். வீடும் இருளாது; உறவும் கெடாது!